ஆறாத வாய்ப்புண்ணா? அலட்சியம் வேண்டாம்!

வாய்ப்புண் வராத வீடு ஏது? "உடம்புச் சூடு" என்று மணத்தக்காளிக் கீரை சமைத்துப் போடுவோம். பத்து நாளில் ஆறிவிடும். ஆனால் வாரக்கணக்கில் ஆறாத புண்ணை அப்படி விட்டுவிடக் கூடாது, சகோதரிகளே.

எங்கள் கல்மண்டபத்தில், காசிமேட்டில் மீன் வாங்கி வந்து விற்கும் பெண் ஒருத்தி என்னிடம், "மூணு மாசமா வாயெல்லாம் புண்ணுக்கா. குழம்பு பட்டா உயிரு போவுது" என்றாள். பிறகு மார்பிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அக்கி என்று காவியும் எழுதினார்கள். கடைசியில் தோல் டாக்டர் ஒரு துளி தோலை எடுத்துச் சோதித்துப் பெயர் சொன்னார்: பெம்ஃபிகஸ்.

ஏன் வருகிறது?

கிருமிகளோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தோலின் செல்களை ஒட்டவைக்கும் புரதத்தையே தாக்குகிறது. சாந்து உதிர்ந்த சுவர்போல் தோல் பிரிந்து, இடையில் நீர் கோக்கிறது. இது தொற்றுநோய் அல்ல. தட்டையும் பாயையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

பலருக்கு முதலில் வாயில்தான் புண் வரும். தோலுக்குப் பரவ மாதங்கள் ஆகலாம். கொப்புளம் தொளதொளவென்று இருக்கும்; லேசாக உரசினாலே உடைந்து பச்சைப் புண்ணாகும். அம்மை இரண்டு மூன்று வாரங்களில் இறங்கிவிடும். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் பட்டையாக வரும். இதுவோ ஆற ஆற, புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. 1950-களில் ஸ்டீராய்டு மருந்து வருவதற்கு முன், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1980-களில் டில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா, 28 நாளுக்கு ஒருமுறை மூன்று நாட்கள் மருந்தை ஊசி வழியே ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது ரிடக்சிமாப் என்ற மருந்தும் இருக்கிறது. அமெரிக்கா 2018-ல் இதை இந்நோய்க்கு அங்கீகரித்தது.

பஸ்ரிச்சா முறையில் ஸ்டீராய்டோடு சேரும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாதவிலக்கையும் கருத்தரிப்பையும் பாதிக்கக்கூடும். ஆகவே கர்ப்பமோ, பால் கொடுப்பதோ, இனி குழந்தை வேண்டும் என்ற எண்ணமோ இருந்தால், கூச்சப்படாமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

"புண்தான் ஆறிப்போச்சே" என்று மாத்திரையை நாமாக நிறுத்துவது பேராபத்து. டாக்டர்தான் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் உடனே போக வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடியது

ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், மசித்த பருப்பு கொடுங்கள். மிளகாய், புளி, முறுக்கு வேண்டாம். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியே உடுத்தட்டும். சுத்தம் செய்த வாழையிலையைப் படுக்கையில் விரித்தால் புண்ணில் ஒட்டாது. தோல் வார்டுகளிலும் இப்படிச் செய்வதுண்டு.

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.