டிசைன் இன்ஜினியரின் கை ஏன் வலிக்கிறது?

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் மவுஸின் சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால் வரைபடம் நகரும். சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் அதே செயலுக்கு இயந்திர பாகம் சுழலும். நாள் முழுக்க இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நடுவிரல். சக்கரம் கடினமாக இருந்தால் விரலோடு முன்கைத் தசைகளும் சோர்ந்துபோகும். மவுஸ் வாங்கும்போது பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இன்னொரு காரணம் எலும்பில் இருக்கிறது. உள்ளங்கையை மேசைமீது கவிழ்க்கும்போது, முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின்மேல் குறுக்காகத் திரும்புகிறது. அதோடு, மணிக்கட்டிலுள்ள குறுகலான பாதையில் 9 தசைநாண்களோடு ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கிறது. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருந்தால் அங்கே அழுத்தம் கூடும்.

கைகுலுக்கும் நிலையில் பிடிக்கும் செங்குத்து மவுஸ் முன்கையின் இந்தத் திருகலைக் குறைக்கிறது. நுணுக்கமாகப் புள்ளி வைக்க அதில் கொஞ்சம் பழக வேண்டும். இடது கைக்கு ஒரு முப்பரிமாண மவுஸ் கொடுத்துவிட்டால், பாகத்தைச் சுழற்றும் சுமை வலது கையிலிருந்து இறங்கிவிடும்.

கடையிலேயே சக்கரத்தைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். உள்ளங்கை மவுஸில் நன்றாகப் படிகிறதா என்றும் பாருங்கள். விரல்கள் அடிக்கடி மரத்துப்போனால், மவுஸை மாற்றுவதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.