ஹார்டு டிஸ்க் எழும்பவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

திருவனந்தபுரத்தில் சித்திரைக் கோடை மழைக்கும் ஐப்பசித் துலா மழைக்கும் இடி மின்னல் கூடவே வரும், அதுவும் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல். வீட்டில் கணினி ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. மறுநாள் சுவிட்சைப் போட்டால் டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நிற்கும்; அல்லது கணினியே உயிர் பெறாது. பதற்றத்தில் ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பழுதான டிஸ்கை ஓட்ட ஓட்டச் சேதம் கூடலாம். உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

ஒரே ஒரு முறை ஆன் செய்து, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். மேசைக் கணினி டிஸ்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும்; லேப்டாப்பில் 5,400. அந்த மெல்லிய இரைச்சல் கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. (எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை, அதற்கு இந்தச் சோதனை பயன்படாது.)

சத்தமே இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். பவர் கேபிளையும் சாட்டா கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வெளியே இணைக்கும் டிஸ்க் என்றால் வேறு யுஎஸ்பி கேபிள், கணினியின் பின்பக்கப் போர்ட். இன்னொரு அடையாளமும் உண்டு: டிஸ்கை இணைத்தால் கணினியே எழும்பாது, கழற்றிவிட்டால் எழும்பும். மின்னலுக்குப் பின் இப்படி நடந்தால், டிஸ்கின் சர்க்யூட் போர்டில் இருக்கும் பாதுகாப்பு டயோடு அதிக மின்னழுத்தத்தைத் தான் வாங்கி ஷார்ட் ஆகியிருக்கலாம். இது நல்ல செய்திதான். தட்டும் தகவலும் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். விவரம் தெரிந்தவர் போர்டைச் சரிசெய்துவிடுவார். ஆனால் அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் உரிய அளவீடுகள் அதன் போர்டிலுள்ள சிப்பில் பதிவாகியிருக்கும். பெரும்பாலான டிஸ்குகளில் அந்தத் தகவலையும் புது போர்டுக்கு மாற்ற வேண்டும்.

'டக், டக்' என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். படிக்கும் ஹெட் இடம் தெரியாமல் தடுமாறுகிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தூசித் துகள் அதைவிடப் பல மடங்கு பெரிது. வீட்டில் மூடியைத் திறப்பது அதனால்தான் கூடாது. ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில், குளிர்ந்த டிஸ்கை வெளியே எடுத்ததும் நீர் படியும், போகாததும் போய்விடும்.

சத்தம் சரியாக இருந்து விண்டோஸ் மட்டும் எழும்பவில்லையென்றால், பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கணினியை எழுப்புங்கள். கேரளத்தில் இதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட கைட் நிறுவனம் பள்ளிகளுக்கு லினக்ஸைத்தான் தருகிறது, வீட்டுப் பிள்ளையே செய்துகாட்டும். லினக்ஸ் எழும்பியதும், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து, பழுதான செக்டர்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் விண்டோஸின் பிழைதிருத்தும் கருவியான செக்டிஸ்கை ஓட்டாதீர்கள். அது டிஸ்கை முழுக்க அலசும், எழுதவும் செய்யும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மென்பொருளைக் கொண்டு இன்னொரு டிஸ்குக்கு முழு நகல் எடுங்கள். பிறகு எந்தச் சோதனையும் அந்த நகலில்தான். திருவனந்தபுரத்தின் சி-டாக் கணினி ஆய்வு மையம் குற்றப் புலனாய்வுக்காக உருவாக்கிய ட்ரூபேக் மென்பொருளின் வேலையும் இதுவே: மூலத்தைத் தொடாமல் நகல் எடுப்பது.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் டிஸ்க் மூழ்கிவிட்டால் வெயிலில் காயவைக்க வேண்டாம். தண்ணீர் வற்றினால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் மூடி, மின்சாரம் கொடுக்காமல் ரெக்கவரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே, நடந்ததையும் நீங்கள் செய்து பார்த்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். தூசியில்லா அறை இருக்கிறதா, தகவல் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்டணம் என்று முன்பே கேளுங்கள். சாதாரண மேசையிலேயே மூடியைத் திறக்க யாராவது ஸ்குரூடிரைவரை எடுத்தால், டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.