வேலிக்குள் போன வயல்

ஞாயிற்றுக்கிழமை தினசரியைப் பிரித்தால் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: "பண்ணை நிலம் விற்பனைக்கு. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரம். மா, தேக்குக் கன்றுகள் நட்டுத் தரப்படும்." படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. (நமக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தால் என்று நினைக்காத இல்லத்தரசி உண்டோ?) ஆனால் அந்த நிலம் நேற்று வரை யார் யாருக்குச் சோறு போட்டது என்பதை மட்டும் விளம்பரத்தில் போடுவதில்லை.

என் புகுந்த வீடு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம். ஏரிப் பாசனம், நெல் வயல். சில வருஷங்களாக அங்கே நிலம் வாங்க வருகிறவர்கள் உழுகிறவர்கள் அல்ல. வாங்கிப் போட்டு, விலை ஏறியதும் விற்கிறவர்கள். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்க 2020 வரை கட்டுப்பாடு இருந்தது. நம் மாநிலத்தில் அது இல்லை. உச்சவரம்புக்குள் இருந்தால் யாரும் வாங்கலாம்.

விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடன், பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் காலேஜ் பீஸ்! பத்து வருஷம் பயிர் வைத்தாலும் பார்க்க முடியாத பணம் ஒரே நாளில் கைக்கு வருகிறது. நிலமே இல்லாதவர்கள் கதைதான் வேறு.

எங்கள் வயலுக்கு நடவுக்கும் களைக்கும் வருகிற ஒரு அம்மா சொன்னாள்: "வித்தவங்களுக்குப் பணம் வந்துச்சும்மா. எங்களுக்கு வேலையும் போச்சு, புல்லும் போச்சு."

புல்லா என்று கேட்காதீர்கள். களை எடுத்துவிட்டு வரும்போது அவள் தலையில் ஒரு கட்டு வரப்புப் புல் இருக்கும். அதற்குக் காசு கிடையாது. அந்தப் புல்லில்தான் அவள் வீட்டுப் பசு கறந்தது. பாலில் பாதி சொசைட்டிக்கு, மீதி பேரக் குழந்தைகளுக்கு. மடியில் பொன்னாங்கண்ணியோ கரிசலாங்கண்ணியோ கட்டிக்கொண்டு வருவாள். மழைக்காலத்தில் வயல் நண்டு. அன்றைய குழம்பு அதோடு முடிந்தது! இப்போது சுற்றிலும் கல்தூண், முள்கம்பி. உள்ளே நெல் இல்லை, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பசுவை விற்றுவிட்டாள். குழந்தைகளுக்குக் காலையில் பால் போய், கடுங்காப்பி வந்தாச்சு. கீரைக்குச் சந்தையில் காசு கொடுக்க வேண்டும். கொடுக்கக் கூலி இல்லை. இந்த நஷ்டம் எந்தக் கிரயப் பத்திரத்திலும் ஏறாது.

இன்னொன்று, நடுவில் ஒருவர் பயிரை நிறுத்தினால் அவரோடு நிற்பதில்லை. அவர் நிலத்தின் வழியாகப் போகிற வாய்க்காலைத் தூர் வார ஆளில்லை. கீழ்வயலுக்குத் தண்ணீர் ஏறாது. சுற்றிலும் தரிசாகிவிட்டால் எலியும் பன்றியும் மிச்சமிருக்கிற ஒரு வயலைத்தான் தேடி வரும். அவரும் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பார்? "நீயும் கொடுத்துடேன்" என்று தரகர் வாசலில் வந்து நிற்பார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். கொழுந்தனார் தன் பங்கை விற்க முடிவு செய்துவிட்டார். கூட்டுப் பட்டா, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். என் நாத்தனாரும்தான். "பொண்ணு கையெழுத்து எதுக்கு?" என்று தரகர் கேட்டதுதான் தாமதம், அவள் பிடித்துக்கொண்டாள். தமிழ்நாட்டில் 1989-லேயே பிதிரார்ஜித சொத்தில் மகளுக்குச் சமபங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் மணமானவர்களுக்குக் கிடையாது. 2005-ல் மத்திய சட்டம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. என் நாத்தனாருக்குக் கல்யாணம் 1994-ல்.

"அண்ணி, விக்க வேணாம்னு நான் சொல்லலே. கீழே இருக்கிறவங்களுக்குத் தண்ணி எப்படிப் போகும்? அதைச் சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

வழிநடை பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் இரண்டையும் பத்திரத்தில் எழுத வேண்டும் என்பது அவள் நிபந்தனை. வாங்க வந்தவர் முறுக்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார். சர்வே எண், நான்கு எல்லை, வாய்க்காலின் அகலம் எல்லாம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே அவள் பேனாவை எடுத்தாள்.

களை எடுப்பவர்களுக்கு வேலை திரும்பவில்லை. வேலி போட்டாச்சு. ஆனால் வாய்க்கால் வேலிக்கு வெளியே இருக்கிறது. கீழ்வயல்காரர்கள் இந்த வருஷமும் நாற்று விட்டிருக்கிறார்கள்.