மிளகு ரசமும் வலிப்பு மாத்திரையும்

மதுரைப் பக்கம் யாருக்காவது தடுமன் பிடித்தால், டாக்டருக்கு முன்பு அடுப்படிக்குத்தான் செய்தி போகும். மிளகைத் தட்டிப் போட்டு, பூண்டை நசுக்கிச் சேர்த்து, ஆவி பறக்க ஒரு ரசம்! அதன் காரத்துக்குக் காரணம் மிளகில் உள்ள பைப்பரின் என்னும் வேதிப்பொருள். இந்த ரசம் தொண்டைக்கு இதம் தருவதோடு நின்றுவிட்டால் அதைப்பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால், காக்காய் வலிப்பு என்று ஊரார் கூறும் நோய்க்காக நாள்தோறும் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் அதைக் குடித்தால், மாத்திரை ரத்தத்தில் சேரும் அளவையே அது மாற்றக்கூடும்.

2001-ஆம் ஆண்டில் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தனர். 200 மில்லிலிட்டர் சூப்பில் 1 கிராம் மிளகு. ஏறக்குறைய நம் ரசமேதான். அதைக் குடித்து அரை மணி நேரம் கழித்துப் பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து. மிளகில்லாத சூப் குடித்தபோது இருந்ததைவிட, ரத்தத்தில் மருந்து அதிகமாக ஏறியிருந்தது. 2006-இல் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் நோயாளிகளிடமே பார்த்தார்கள். 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது ஏறத்தாழ அரை கிராம் மிளகில் இருக்கும் அளவு, ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். அப்போதும் மருந்தின் அளவு உயர்ந்தது; ஆனால் உயர்வு சிறிதுதான்.

சிறிதுதானே, அதற்கென்ன என்கிறீர்களா? மருத்துவர் அல்லாத, பௌதிகம் கற்பிக்கும் என்னை இந்த விஷயத்துக்கு இழுத்தது அந்தச் 'சிறிது'தான்.

ஒரு கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மாடக்குளம் கண்மாயாகவே இருக்கட்டும். நீர்மட்டம் உயர உயர, மடை வழியே நீர் வேகமாக வெளியேறும். ஆகவே வரத்து சற்றுக் கூடினாலும் மட்டம் கொஞ்சம் உயர்ந்து, பிறகு நிலைத்துவிடும். பெரும்பாலான மருந்துகள் உடலில் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இப்போது மடையை அடைத்துவிட்டு ஒரு பம்பு செட் வைத்து இறைப்பதாக எண்ணுங்கள். பம்பு இறைப்பதற்கு ஓர் உச்ச அளவு உண்டு. வரத்து அந்த உச்சத்தை நெருங்கினால் மட்டம் எங்கே போய் நிற்கும்? பெனிட்டாயினின் கதை இதுதான். அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சீக்கிரமே தம் முழு வேகத்தை நெருங்கிவிடுகின்றன.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒருவரின் கல்லீரல் நாளொன்றுக்கு அதிகபட்சம் 450 மில்லிகிராம் பெனிட்டாயினைச் சிதைக்கும் என்றும், ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருக்கும்போது அதில் பாதி வேகத்தில் வேலை செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால், ரத்தத்தில் மருந்தின் மட்டம் = 5 × ரத்தத்தில் சேரும் தினசரி அளவு ÷ (450 − அதே அளவு). 300 மில்லிகிராம் சேர்ந்தால் மட்டம் 10. 360 சேர்ந்தால் 20. 400 சேர்ந்தால் 40! அளவு மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. மட்டமோ நான்கு மடங்கு. மருத்துவர்கள் விரும்பும் எல்லை 10 முதல் 20 வரை. அதைத் தாண்டினால் கண்மணிகள் துள்ளும். 30-க்கு மேல் நடை தள்ளாடும். 40-க்கு மேல் அறிவு மந்தமாகும். மட்டம் வெகுவாகக் குறைந்தாலோ வலிப்பு திரும்பிவிடும்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பெனிட்டாயின் சாப்பிட்டுவந்த பலர், வழக்கமான அளவையே விழுங்கியும் தள்ளாட ஆரம்பித்தார்கள். துப்புத் துலக்கியபோது, மருந்துறையை நிரப்பச் சேர்க்கும் பொருள் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. முன்பு கால்சியம் சல்பேட். பிறகு லாக்டோஸ், அதாவது பாலில் உள்ள சர்க்கரை. முன்னது மருந்தில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்துவைத்திருந்தது. லாக்டோஸ் அப்படிச் செய்யவில்லை. வரத்து கூடியது, பம்பு திணறியது.

மருந்துக்கு மருந்து இந்த உறவு மாறும். 1998-இல் அதே சண்டிகர் நிலையத்தில், கார்பமாசெபைன் என்ற வேறொரு வலிப்பு மருந்து சாப்பிடுவோருக்கு 300 மில்லிலிட்டர் கிரேப்ஃபுரூட் சாறு கொடுத்தபோது, ரத்தத்தில் மருந்து ஏறத்தாழ 40 சதவீதம் உயர்ந்தது. பெனிட்டாயினிடம் இந்தச் சாற்றின் ஜம்பம் பலிக்கவில்லை! காரணம், சாறு முடக்குவது குடற்சுவரில் உள்ள ஒரு நொதியை. கார்பமாசெபைனைச் சிதைப்பது அந்த வகை நொதி, பெனிட்டாயினைச் சிதைப்பது பெரும்பாலும் வேறொன்று. முடங்கிய நொதியைக் குடல் புதிதாகச் செய்துகொள்ள ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எனவே காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. கிரேப்ஃபுரூட் நம் பழக்கடைகளில் அரிது. ஆனால் அதன் தாய்ப் பழங்களில் ஒன்றான பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு.

அப்படியானால் ரசத்தை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். வழக்கமாக ரசம் குடிப்பவருக்கு, அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் டாக்டர் மாத்திரையின் அளவைச் சரிசெய்திருப்பார். திடீர் மாற்றம்தான் தொல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணத்தை இருமலுக்கென்று ஒரு வாரம் விடாமல் தின்பது அத்தகைய மாற்றம்; திப்பிலியிலும் பைப்பரின் இருக்கிறது. தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து விரத நாளில். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாதென்று அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள் சிலர். மட்டம் இறங்கி, வலிப்பு வந்து, பழியை விரதத்தின்மேல் போடுவார்கள்! மாத்திரையை ஒரு வேளைகூடத் தாமாக நிறுத்தலாகாது. விரதம் இருந்தே ஆக வேண்டுமென்றால் எப்படிச் சாப்பிடுவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் ரத்தத்தில் பெனிட்டாயின் எவ்வளவு என்று அளந்தே பார்த்துவிடலாம். இதற்குப் பொதுவாகக் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுப்பார்கள். கண்மாயின் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் வேளை அது.