‘மூச்சை இழுத்துப் பிடியுங்கள்!’ – எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவது எப்படி?

“அசையாதீங்க! மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க!”

எக்ஸ்ரே அறைக்குள் போனவர்கள் எல்லோரும் இந்தக் கட்டளையைக் கேட்டிருப்பார்கள். ஒரு நொடி கூட ஆகாது. “முடிஞ்சுது, போகலாம்” என்று சொல்லி விடுவார்கள்.

அந்த ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது? படம் தெளிவாக விழுந்ததா, இல்லையா என்பது யார் கையில் இருக்கிறது? எந்திரத்தின் கையிலா, படம் எடுப்பவர் கையிலா, பார்க்கும் டாக்டர் கையிலா?

மூன்று பேருக்கும் பங்கு உண்டு. நான்காவதாக ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர்தான் எந்திரத்தின் முன் நிற்கும் நோயாளி!

மூன்று வார இருமல்

சேலம் நகரை ஒட்டி இருக்கிறது, கொண்டப்பநாயக்கன்பட்டி. அங்கே ஒரு பாட்டிக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக் கொள்வோம்.

“பனிக்காலம். தானே சரியாகி விடும்” என்று கஷாயம் வைத்துக் குடிக்கிறார். இருமல் நிற்கவில்லை. பேரன் விடவில்லை. “வாங்க ஆயா, ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்” என்று சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்கிறார். “எக்ஸ்ரே ஒன்று எடுத்து விடுவோம்” என்கிறார்.

பாட்டிக்குப் பயம். “உள்ளே ஊசி ஏதாச்சும் போடுவாங்களா?” என்று கேட்கிறார்.

ஊசியும் இல்லை, வலியும் இல்லை. எக்ஸ்ரே என்பது ஒரு நிழல் படம். அவ்வளவுதான்!

விளக்கும் கையும்

மின்சாரம் போன இரவில், விளக்குக்கு முன் கையை நீட்டிச் சுவரில் மானும் நாயும் காட்டிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. கை சுவருக்கு அருகில் இருந்தால் நிழல் கூர்மையாக விழும். சுவரை விட்டுத் தள்ளினால் நிழல் பெரிதாகும்; ஓரம் மங்கும்.

எக்ஸ்ரே படமும் இதே கணக்குத்தான். விளக்கு இருக்கும் இடத்தில் எக்ஸ்ரே குழாய். சுவர் இருக்கும் இடத்தில் ஒரு பலகை. நடுவில் நாம். அதனால்தான் நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொல்கிறார்கள். குழாயைச் சுமார் 6 அடி தள்ளி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் இருதயத்தின் நிழல் வீணாகப் பெரிதாகாது.

ஜெர்மனியைச் சேர்ந்த விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895-ம் ஆண்டு நவம்பர் மாதம் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் படத்தில் தெரிந்தன. அந்த அம்மையார் சுமார் 15 நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டியிருந்தது! ராண்ட்ஜனுக்கு 1901-ல் பவுதிகத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் படம் பிலிமில்தான் விழும். இருட்டு அறையில் மருந்து நீரில் கழுவி, உலர வைத்து, பிறகே பார்க்க முடியும்.

பிலிம் போய்ப் பலகை வந்தது

1983-ல் ஜப்பான் நாட்டு ஃபூஜி கம்பெனி ஒரு புது முறையைக் கொண்டு வந்தது. பிலிமுக்குப் பதில் ஒரு தகடு. அதில் பதிந்த நிழலை லேசர் ஒளியால் படித்து, எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் தகட்டைத் தனியே எடுத்துப் போய்ப் படிக்கும் வேலையும் தேவைப்படாத முறை வந்தது. கதிர் பட்ட சில நொடிகளில் படத்தைத் திரைக்கு அனுப்பும் பலகைகள் வந்து விட்டன. இதுதான் டிஜிட்டல் எக்ஸ்ரே.

பலகைக்குள் என்ன இருக்கிறது? கதிர் பட்டதும் ஒளி விடும் ஒரு பூச்சு. அதன் அடியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னஞ்சிறு கண். தன் மீது எவ்வளவு ஒளி விழுந்தது என்று அது ஓர் எண் சொல்லும்.

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். எட்டுப் புள்ளியில் தாமரை போடலாம். ஆனால் மயிலின் தோகையை நுணுக்கமாகப் போட வேண்டுமானால் நெருக்கமாக நிறையப் புள்ளி வைக்க வேண்டும். 17 அங்குலச் சதுரப் பலகையில், ஒரு மில்லி மீட்டரில் ஏழில் ஒரு பங்கு இடைவெளியில் புள்ளிகள் இருந்தால், மொத்தம் சுமார் 90 லட்சம் புள்ளிகள்! நுரையீரலில் உள்ள சிறு திட்டுகளைக் காட்ட இந்த நெருக்கம் உதவுகிறது.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே

புள்ளி மட்டும் போதாது. சாயலும் வேண்டும்.

கதிர் தடை இல்லாமல் போன இடம் கறுப்பு. தடுக்கப்பட்ட இடம் வெளுப்பு. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். எலும்பு வெள்ளையாகத் தெரியும். காசநோய் பிடித்த இடம், கறுப்பு நுரையீரலில் வெளிறிய மேகம் போலத் தெரியும்.

இந்த மேகம் ஆரம்பத்தில் மிக மெல்லியது. பக்கத்தில் உள்ள நல்ல இடத்துக்கும் அதற்கும் சாயலில் ஒரு நூல் அளவுதான் வித்தியாசம்.

டிஜிட்டல் பலகைகள் பல, 4,096 சாயல்களைப் பிரித்துச் சொல்லும். அதற்கு மேலும் சொல்லும் பலகைகள் உண்டு. ஆனால் சாதாரணத் திரை 256 சாயல்களைத்தான் காட்டும். மீதி எங்கே போயிற்று? அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது!

டாக்டர் திரையின் முன் உட்கார்ந்து, ஒரு ஜன்னலைத் தள்ளிக் கொண்டே பார்ப்பது போல, எந்தச் சாயல்களைக் காட்ட வேண்டும் என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார். ஒரு முறை நுரையீரல் தெளிவாகத் தெரியும். இன்னொரு முறை இருதயத்துக்குப் பின்னால் மறைந்த பகுதி தெரியும். பிறகு விலா எலும்பு தெரியும். எடுத்தது ஒரே படம். பார்ப்பது பல விதம். பழைய பிலிமில் இந்த வசதி கிடையாது.

கம்ப்யூட்டரால் முடியாதது

“அப்படியானால் படம் மோசமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் சரி செய்து விடுமே?” என்று கேட்கலாம்.

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

கதிர் மிகக் குறைந்து போனால், ரேடியோவில் கரகர சத்தம் வருவது போல, படம் முழுவதும் பொடிப் பொடியாகத் தூவியது போல் ஆகி விடும். கம்ப்யூட்டர் அதை வழவழப்பாக்கும். ஆனால் பொடியைத் துடைக்கும்போது, பொடி போலவே இருக்கும் சிறு நோய்த் திட்டும் சேர்ந்து மறையலாம். ஓரங்களை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கினால், இல்லாத கோடு இருப்பது போலத் தோன்றலாம். பலகையில் விழாத நிழலைக் கம்ப்யூட்டர் உண்டாக்க முடியாது. உண்டாக்கினால் அது பொய்.

கதிர் அதிகமானாலும் ஆபத்து உண்டு. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கருகிப் போகும். தவறு உடனே தெரிந்து விடும். டிஜிட்டல் முறையில் கம்ப்யூட்டர் படத்தைச் சமன் செய்து அழகாகக் காட்டி விடும். கதிர் வீணாகக் கூடியது கண்ணுக்குத் தெரியாது! ஆகவே, பலகைக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று ஒவ்வொரு படத்துக்கும் எந்திரம் ஓர் எண்ணைக் காட்டுகிறது. இந்த எண்ணைக் கணக்கிட 2008-ல் சர்வதேச அளவில் பொது விதி வகுக்கப்பட்டது. நல்ல எக்ஸ்ரே நிபுணர் படத்தின் அழகை மட்டும் பார்ப்பதில்லை. இந்த எண்ணையும் பார்க்கிறார்.

சடை செய்த மாயம்!

இப்போது நோயாளியின் பங்குக்கு வருவோம்.

காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல் பகுதியில்தான் முதலில் தெரியும். பின்னிய சடை தோளில் புரண்டால், அதன் நிழலும் அதே இடத்தில்தான் விழும். இல்லாத நோய் இருப்பது போலத் தோன்றும். அல்லது இருக்கும் நோயை மறைக்கும்! அதனால்தான், “சடையைத் தூக்கி உச்சியில முடிஞ்சுக்கங்கம்மா” என்கிறார்கள்.

சங்கிலி, தாயத்து, உலோகப் பொத்தான், ஊக்கு எல்லாம் வெள்ளை வெளேர் என்று விழும். தாலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் தயங்காமல் சொல்லலாம். நெஞ்சுப் பகுதியில் படாமல் மேலே ஒதுக்கி வைக்க வழி உண்டா என்று கேட்கலாம்.

மூச்சை இழுத்துப் பிடிப்பது ஏன்? நுரையீரல் காற்றால் நிறைந்து விரிந்தால்தான் அதன் அடிப்பகுதி வரை தெரியும். பாதி மூச்சில் எடுத்தால் அடிப்பகுதி வெளுத்துச் சளி கட்டியது போல் இருக்கும். இருதயமும் பெருத்தது போல் தெரியும். அசைந்தால் படம் கலங்கும். பிறகு இன்னொரு தடவை எடுக்க வேண்டும். இன்னொரு தடவை கதிர் படும்.

நம் பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றால், பேரன் முன்கூட்டியே சொல்லி விட வேண்டும். “நான் கையைக் காட்டினதும் மூச்சைப் பிடிங்க” என்று படம் எடுப்பவர் பழக்கி விடுவார்.

செல்போனில் வந்த படம்

படம் எடுத்தாயிற்று. பேரன் திரையைச் செல்போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் தெரிந்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் அனுப்பியது எக்ஸ்ரே அல்ல; எக்ஸ்ரேயின் நிழல்!

90 லட்சம் புள்ளிகள் சுருங்கி விட்டன. சாயல்கள் ஒடுங்கி விட்டன. ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுப் பிரதிபலித்ததும் படத்தில் சேர்ந்து கொண்டது. முறிந்த எலும்பு அதில் தெரியலாம். மெல்லிய மேகம் தெரியாமல் போகலாம். “ஒன்றும் இல்லை போலிருக்கிறதே” என்ற பதிலை நம்பிச் சும்மா இருந்து விட்டால், நோய் சும்மா இருக்காது.

கதிரியல் டாக்டர்கள் படம் பார்க்கும் திரை வேறு. அதிக வெளிச்சமும் அதிகப் புள்ளியும் கொண்டது. அறையை மங்கலாக வைத்துப் பார்க்கிறார்கள். எந்த ஊரில் எடுத்த படத்தையும் எந்த ஊரிலும் திறந்து பார்க்க, 1993 முதல் ‘டைகாம்’ என்ற பொது முறை இருக்கிறது. ஆகவே வேறு டாக்டரிடம் காட்ட வேண்டுமானால், மூலப் படத்தை சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். பிலிம் கொடுத்தால் மடிக்காமல், ஈரம் படாமல் வையுங்கள். பழைய படங்களையும் தூக்கி எறியாதீர்கள். போன வருடம் இல்லாத நிழல் இந்த வருடம் இருக்கிறதா என்பதைப் பழைய படம்தான் சொல்லும்.

இருமாதவர்களுக்கும் நோய்!

ஒரு படத்துக்கு இத்தனை பாடா என்று நினைக்க வேண்டாம்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் காசநோய் பற்றிய பெரிய ஆய்வு நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் அதை முன்னின்று நடத்தியது. எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகப் போயின. இருமல், காய்ச்சல் உண்டா என்று கேட்டதோடு விட்டிருந்தால், கண்டுபிடித்த நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் தப்பிப் போயிருப்பார்கள். அவர்களைக் காட்டிக் கொடுத்தது எக்ஸ்ரே படம்தான்!

15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துச் சந்தேகம் சொல்லும் முறைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பச்சைக் கொடி காட்டியது. ஆனால் கம்ப்யூட்டர் சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் நிழல் என்பது சந்தேகம்தான். சளிப் பரிசோதனைதான் காசநோயை உறுதிப்படுத்தும். உறுதியானால், அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடலில் சேரும் கதிர் சுமார் 0.02 மில்லி சீவெர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாக நமக்குச் சுமார் மூன்று நாளில் சேரும் அளவுதான் இது. தேவைப்பட்டால் எடுத்துக் கொள்ளப் பயப்பட வேண்டாம். தேவை இல்லாமல் எடுக்கவும் வேண்டாம். கர்ப்பிணிகளும், கர்ப்பமோ என்று சந்தேகம் உள்ளவர்களும் முதலிலேயே சொல்லி விட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும் இடங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம்.

எந்திரத்தின் விலை எத்தனை லட்சமாக இருந்தாலும், திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நல்ல நிழல் விழுவது அந்த ஒரு நொடியில்தான்.

சடையை உயர்த்தி முடியுங்கள். நகையை ஒதுக்குங்கள். நெஞ்சைப் பலகையில் ஒட்டுங்கள். மூச்சை இழுத்துப் பிடியுங்கள்.

ஒரு மூச்சு நேரப் பொறுமை. வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அது காவல்!