கடனில் பிறந்த கத்தி

தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்போரை நாம் அறிவோம். படைவீரர்களின் பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்போரும் உலகெங்கும் உண்டு. அவர்கள் விரும்பித் தேடுவனவற்றுள் முக்கியமானது சுவிட்சர்லாந்து ராணுவக் கத்தி. அதன் வரலாறு வணிகர்களாகிய நாம் அறிய வேண்டியதாகும்.

1889இல் சுவிஸ் ராணுவம் புதிய துப்பாக்கியை ஏற்றது. அதைக் கழற்றத் திருப்புளி வேண்டும்; டின் உணவைத் திறக்கவும் கருவி வேண்டும். எனவே வெட்டும் அலகு, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி நான்கும் மடங்கும் கத்தி 'மாடல் 1890' என்ற பெயரில் வந்தது. அத்தனை கத்திகளைச் செய்யும் வசதி உள்நாட்டில் எவருக்கும் இல்லை. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன.

இபாக் என்ற சிற்றூரில் 1884 முதல் பட்டறை நடத்திவந்தவர் கார்ல் எல்சனர். அவர் சக கத்தித் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி, 1891இல் ராணுவத்துக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். ஆனால் சோலிங்கன் தொழிற்சாலைகளின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கூட்டாளிகள் விலகினர்; எல்சனர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்ததால் பட்டறை பிழைத்தது.

விலையில் தோற்றவர் சரக்கை மாற்றினார். எடை குறைந்த, இரண்டே வில்தகடுகளில் ஆறு கருவிகள் இயங்கும் 'அதிகாரி கத்தி'யை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். ராணுவம் அதை வாங்கி வழங்கவில்லை. அதிகாரிகளோ கடைகளில் சொந்தக் காசு கொடுத்து வாங்கினர். அரசு ஆர்டர் காப்பாற்றாத தொழிலைச் சில்லறை விற்பனை காப்பாற்றியது! இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினரின் கடைகள் வழியே அதன் புகழ் கடல் கடந்தது. தாயார் விக்டோரியாவின் பெயரும் துருப்பிடிக்கா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்தே 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. 1908 முதல் ராணுவ ஆர்டரில் பங்கு பெற்றுவந்த வெங்கர் நிறுவனத்தை 2005இல் விக்டோரினாக்ஸே வாங்கியது.

சேகரிப்போர் கவனிக்கும் அடையாளங்கள் சில உண்டு. ராணுவக் கத்தியில் மரக் கைப்பிடி என்றால் மிகப் பழையது. அடுத்து வந்தது சிவப்பு நார்ப்பலகை. 1961 முதல் அலுமினியம். 1951க்கு முற்பட்ட அலகு துருப்பிடிக்கும் எஃகு. அலகின் அடியில் செய்தவர் முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். பழைய மரப்பிடியில் துருவேறாத பளபளப்பான அலகு இருந்தால் பின்னால் மாற்றியதோ என்று சந்தேகிக்கலாம். பழைய கத்தியைத் தேய்த்து மெருகேற்றினால் முத்திரை மழுங்கும், மதிப்பும் குறையும். உலர்ந்த துணியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் இடுவதே போதும்.

பெரிய முதலாளி விலையைக் குறைத்து எதிரே வந்து நிற்கும் நாள் நமக்கும் வரும். அன்று அவரோடு விலையில் மட்டும் மோதி முதலை இழப்பதா, அவரிடம் இல்லாத சரக்கை நம் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதா? எல்சனர் இரண்டாவது வழியில் சென்றார். அவர் குடும்பம் இன்றும் இபாக்கில் கத்தி செய்துவருகிறது.