கிற்றாரில் கூட்டுவதா, அம்பிளிபையரில் கூட்டுவதா?

தண்ணீரூற்றுப் பக்கத்து எமது இளைஞர் குழுவினர் ஓராண்டுக்கு மேலாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், மின் இணைப்புள்ள கிற்றார் ஒன்றையும் சிறிய அம்பிளிபையர் ஒன்றையும் வாங்கினார்கள். வாங்கிய மாதமே வாக்குவாதமும் வந்துவிட்டது. கிற்றாரில் இருக்கும் சத்தக் குமிழை முழுவதும் திறந்துவிட்டு அம்பிளிபையரைக் குறைத்து வைக்கவேண்டும் என்றனர் ஒரு சாரார். இல்லை, கிற்றாரைக் குறைத்து அம்பிளிபையரைக் கூட்டினால்தான் ஸ்பீக்கர் பிழைக்கும் என்றனர் மற்றச் சாரார். தீர்ப்புக்கு எம்மிடம் வந்தார்கள். குருமடத்தில் நாம் படித்தது ஓர்கனும் பாட்டும். அம்பிளிபையரைப் பற்றி அங்கே எவரும் பாடம் நடத்தவில்லை. ஒரு ஸ்பீக்கரை எரித்த பிறகே நாம் இதைக் கற்றுக்கொண்டோம். ஆகவே எரிக்காமல் கற்க விரும்புவோருக்காக இதனை எழுதுகின்றோம்.

முதலில் கிற்றாருக்குள் நடப்பதை அறிந்துகொள்வோம். தந்திகள் அமர்ந்திருக்கும் வெள்ளை எலும்புத் துண்டுக்கு அடியில் மெல்லிய பட்டி ஒன்று உண்டு. அழுத்தினால் மின்சாரம் தரும் தன்மை சில படிகங்களுக்கு இருக்கிறது என்பதை 1880 இல் பியர் கியூரியும் அவரது சகோதரர் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தனர். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க ‘டக்’ என்று அழுத்துகிறோமே, அந்தப் பொறியும் இதே தத்துவத்தில்தான் பிறக்கிறது. தந்தி அதிரும்போது பட்டி அழுத்தப்படுகிறது, மிகச் சிறிய மின் சமிக்ஞை உண்டாகிறது. அது நீண்ட வயரில் தாக்குப்பிடிக்காத அளவுக்கு மெலிந்தது. எனவே கிற்றாரின் பக்கவாட்டிலேயே சிறியதொரு முன்பெருக்கியைப் பொருத்தி, 9 வோல்ற் பற்றரியால் இயக்குகிறார்கள். சத்தக் குமிழும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து அம்பிளிபையரில் பெரும்பாலும் இரண்டு குமிழ்கள் உண்டு. வரும் சமிக்ஞையை எவ்வளவு உள்ளே எடுப்பது என்பது ஒன்று, ஸ்பீக்கருக்கு எவ்வளவு அனுப்புவது என்பது மற்றது. ஆக மொத்தம் மூன்று மடைகள்.

முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளத்துத் துருசைக் கஞ்சத்தனமாகத் திறந்துவிட்டு, வாய்க்காலின் கடைசியில் நின்று வாரி வாரி இறைத்தால் வருவது பாதி சேறு. துருசை ஒரேயடியாகத் திறந்தாலோ வாய்க்கால் வரம்பு உடைந்துவிடும். ஒலியிலும் அப்படித்தான். எந்த மின்சுற்றிலும் ஓர் இரைச்சல் அடியில் கிடக்கிறது. கிற்றாரைக் குறைத்து அம்பிளிபையரைக் கூட்டினால் இசையோடு அந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். பாட்டு நின்ற பிறகும் ‘ஸ்ஸ்’ என்று கேட்பது அதுதான். மறுபுறம், கிற்றாரை முழுவதும் திறந்து அழுத்தி அடிக்கும்போது, அம்பிளிபையரின் முதற் படி தாங்கக்கூடிய அளவை மீறினால் அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரப்பாகிவிடும். முதலில் கெட்டதைக் கடைசிக் குமிழைக் குறைத்துத் திருத்த முடியாது. கரகரப்பு சிறிய சத்தத்தில் கேட்கும், அவ்வளவுதான்.

நாம் இப்போது கையாளும் முறை இது. அம்பிளிபையரின் இரு குமிழ்களையும் அடியில் வைத்துவிட்டு, கீழ்ச்சுருதி, மேற்சுருதிக் குமிழ்களை நடுவில் நிறுத்துவோம். கிற்றாரின் குமிழை முக்கால் அளவில் வைப்போம். கடைசிக் குமிழைச் சற்றுத் திறந்துவிட்டு, வாசிப்பவரை அன்று அவர் வாசிக்கப்போகும் மிகப் பலமான அடியை அடிக்கச் சொல்வோம். மெதுவான மீட்டலை வைத்து அளவு பார்ப்பதுதான் பலர் விடும் பிழை. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வை விரலால் மீட்டிக் காட்டாத கிற்றார் மாணவன் எமது ஊர்களில் இல்லை. அந்த மீட்டலுக்கு அளவு சரிசெய்துவிட்டு, அடுத்த பாட்டில் ஆறு தந்திகளையும் சேர்த்து அடிக்கும்போது அம்பிளிபையர் திணறும். பலமான அடியோடு உள்ளெடுக்கும் குமிழை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கரகரப்பு தொடங்கும் இடத்தைக் காதால் பிடித்து, அதிலிருந்து கொஞ்சம் பின்னே வாருங்கள். அந்தக் குமிழை இனித் தொடவேண்டாம். மண்டபத்துக்குத் தேவையான சத்தத்தைக் கடைசிக் குமிழால் மட்டும் கூட்டுங்கள். கிற்றாரில் மிச்சம் வைத்த அந்தக் கால் பங்கு, இடையிசை வரும்போது வாசிப்பவர் தாமே கூட்டிக்கொள்வதற்கு. குரல் தொடங்கியதும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒலி உடைந்து வந்தால் குமிழ்களைத் திருகிக்கொண்டிராமல் பற்றரியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான கிற்றார்களில் வயரைச் செருகியவுடன் பற்றரி வேலை செய்யத் தொடங்குகிறது. வாசித்து முடித்து வயரைக் கழற்றாமல் வைத்தால் அது வீணாக இறங்கிக்கொண்டே இருக்கும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி வன்னிக்குள் வராதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை நாம். இன்று கடையில் பற்றரி தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக வீணாக்க வேண்டுமா?

வயரைக் கழற்றுவதிலும் செருகுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. இதை எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினோம் என்றும் சொல்லலாம். ஒரு மாலைக் கூட்டத்தில், அம்பிளிபையர் கூட்டியபடி இருக்கையிலேயே எமது தம்பி ஒருவர் வயரைச் செருகினார். ‘டமார்’ என்று மண்டபம் அதிர்ந்தது. இளைஞர்கள் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த வயதான தாய் ஒருவர் வாங்குக்குக் கீழே படுத்துவிட்டார், பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளையையும் இழுத்துத் தமக்கு அடியில் வைத்துக்கொண்டு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர் அவர். அவரை எழுப்பி உட்காரவைக்க நீண்ட நேரம் பிடித்தது. அன்று கூட்டம் நடக்கவில்லை. வேறு ஊர்களில் இது வெறும் கவனக்குறைவு. எமது ஊர்களில் ஷெல் சத்தத்தில் செவிப்புலன் பாதிக்கப்பட்டவர்களும், திடீர்ச் சத்தத்தில் உடல் நடுங்குகிறவர்களும் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஆகவே கடைசிக் குமிழ் அடியில் இருக்கும்போது மட்டுமே வயரைச் செருகவும் கழற்றவும் வேண்டும். பிறகு மெல்லத் திறக்கவேண்டும். எமது குழுவில் இது இப்போது சட்டம்.

ஊளைச் சத்தமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். கிற்றாரின் பெட்டி தந்தியின் அதிர்வுக்கு மட்டும் அசைவதில்லை, ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலிக்கும் அசைகிறது. அந்த அசைவைப் பட்டி மீண்டும் அம்பிளிபையருக்கு அனுப்ப, சுற்றிச் சுற்றி ஒலி பெருகி ஊளையாகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவை அதிர விரும்பும். ஐந்தாம் தந்தியின் அதிர்வு 110. அதனால்தான் ஊளை பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த சுருதியில் கிளம்புகிறது. பீற்றில்ஸ் குழுவினர் 1964 இல் வெளியிட்ட ஒரு பாட்டை இந்த ஊளையோடு வேண்டுமென்றே தொடங்கினார்கள். அது அவர்களுக்குப் பொருந்தியது. எமக்கு வேண்டியது, ஸ்பீக்கரை வாசிப்பவருக்கு முன்னால், சபையை நோக்கித் திருப்பி வைப்பதே. அவர் அதன் வாய்க்கு நேரே நிற்கக்கூடாது. அப்படியும் ஊளையிட்டால் கீழ்ச்சுருதிக் குமிழைக் குறையுங்கள். கிற்றாரின் வட்டத் துளையை மூடும் ரப்பர் மூடி கடைகளில் கிடைக்கிறது, அதுவும் உதவும்.

சத்தம் போதவில்லை என்று பெரிய அம்பிளிபையருக்குப் பணம் சேர்க்கத் தொடங்குவோருக்கும் ஒரு சொல். வோட் கணக்கு ஏமாற்றும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு மின்வலு தேவை. 10 வோட் பெட்டிக்குப் பதிலாக 20 வோட் வாங்கினால் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். அதைவிட, நிலத்தில் கிடக்கும் ஸ்பீக்கரைத் தலை உயரத்துக்கு மேசையில் ஏற்றினால் செலவின்றிப் பின்வரிசைக்குத் தெளிவு கிடைக்கும். வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்த அளவு, ஆட்கள் நிறைந்ததும் குறைவாகவே கேட்கும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டியது ஒன்று. ‘ம்ம்’ என்ற உறுமலைப் போக்குவதற்காகச் சிலர் அம்பிளிபையர் பிளக்கின் புவித்தொடுப்பை வெட்டிவிடுகிறார்கள். ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலுமாக நிற்கும் பாடகரின் உடலினூடாக 230 வோல்ற் பாயக்கூடும். கிற்றார் அம்பிளிபையருக்கும் மைக் அம்பிளிபையருக்கும், சரியான புவித்தொடுப்புள்ள ஒரே இடத்தில் இருந்து மின்சாரம் எடுங்கள். ஜெனரேற்றரில் ஓடும்போது இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எமது பெற்றோர் காலத்தில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் பட்டிதொட்டியெங்கும் பரவின. இன்றும் கேட்டால் ஒரு சொல்கூடத் தவறாமல் பாடிக்காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கிற்றார் அங்கே சொற்களுக்கு வழிவிட்டு நின்றது. ஆகவே அளவை முடிவு செய்வது வாசிப்பவரின் காதல்ல. அவர் தமது கிற்றாரை மட்டுமே கேட்பார், அது போதவில்லை என்றே எப்போதும் எண்ணுவார். (இதை எழுதும் நாமும் அந்தச் சாதிதான்.) எமது குழுவில் ஒருவர் கடைசி வாங்குக்குப் போய் நின்று, பாட்டின் சொற்கள் விளங்குகின்றனவா என்று கேட்டுக் கையால் சைகை காட்டுவார். கையைத் தாழ்த்தினால் அம்பிளிபையருக்குப் பக்கத்தில் இருப்பவர் கடைசிக் குமிழை மட்டும் குறைப்பார். உள்ளெடுக்கும் குமிழின் பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். கிற்றாரின் முக்கால் அளவுக்கும் ஒரு புள்ளி. வாக்குவாதம் செய்த இரு சாராரும் சேர்ந்து வைத்த புள்ளிகள் அவை. இப்போது அவர்களுடைய சண்டை வேறு: அடுத்த கூட்டத்தில் யார் கிற்றார் வாசிப்பது, யார் கடைசி வாங்குக்குப் போவது என்று.